30 லட்சம் சி.எஸ்.ஆர். நிதி: கழிப்பறையா, உதவித்தொகையா, மாலை வகுப்பா?

"இந்த வருஷம்தான் எங்கள் கம்பெனி சி.எஸ்.ஆர். (நிறுவனச் சமூகப் பொறுப்பு) வரம்புக்குள் வந்திருக்கிறது. வசதியில்லாத பிள்ளைகளின் படிப்புக்குக் கொடுப்பது என்று போர்டில் முடிவாகிவிட்டது. ஆனால் எதற்குக் கொடுப்பது?" திருப்பூர், ஓசூர், கோவைப் பக்கத்து நடுத்தர நிறுவனங்களின் கணக்குப் பிரிவிலிருந்து வரும் கேள்வி பெரும்பாலும் இந்த வடிவில்தான் இருக்கும். ஒரு இயக்குநர் தான் படித்த பள்ளிக்குக் கட்டடம் கட்ட ஆசைப்படுவார். இன்னொருவர் பத்துப் பிள்ளைகளை இன்ஜினியரிங் படிக்க வைக்கலாம் என்பார். மனிதவளப் பிரிவு பள்ளிப் பை கொடுத்துப் படம் எடுக்கலாம் என்று யோசனை சொல்லும்.

2013 கம்பெனிச் சட்டத்தின் 135-ஆம் பிரிவு மூன்று வரம்புகளைச் சொல்கிறது. முந்தைய நிதியாண்டில் நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி. இவற்றில் ஒன்றை எட்டினாலே போதும், கடமை வந்துவிடும். முந்தைய மூன்று ஆண்டுகளின் வரிக்கு முந்தைய சராசரி லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும். சராசரி 15 கோடி என்றால் 30 லட்சம். தொகை 50 லட்சத்தைத் தாண்டாமல், கீழே வரும் 'செலவழிக்கப்படாத சி.எஸ்.ஆர். கணக்கில்' பணமும் இல்லாவிட்டால் தனியாக சி.எஸ்.ஆர். குழு தேவையில்லை, போர்டே முடிவெடுக்கலாம். கீழே வரும் கணக்கெல்லாம் இந்த 30 லட்சத்தை வைத்துத்தான். கூலி, விலை, கட்டணம் எல்லாம் திட்டமிடுவதற்கான மாதிரித் தொகைகள். உங்கள் ஊர் நிலவரத்தைப் போட்டுத் திருத்திக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது?

முதல் கேள்வி, பணம் எத்தனை வருடம் வரும் என்பது. மற்றவை எல்லாம் இதற்குப் பிறகுதான். லாபம் ஏறி இறங்கும் தொழிலில் அடுத்த வருடம் 30 லட்சம் 8 லட்சமாகலாம். ஒரு வருடப் பணத்தை வைத்துக்கொண்டு நான்கு வருட வாக்குக் கொடுப்பதுதான் இந்தத் துறையில் அடிக்கடி நடக்கும் தவறு.

இரண்டாவது, அரசு ஏற்கெனவே கொடுப்பதையே நாமும் கொடுக்கிறோமா? தமிழ்நாட்டில் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பாடநூல், நோட்டு, சீருடை, பை, காலணி, ஜியோமெட்ரி பாக்ஸ், பஸ் பாஸ் எல்லாம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகவே கிடைக்கின்றன.

மூன்றாவது, திறப்பு விழா முடிந்த பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? நான்காவது, உங்கள் பக்கத்தில் மேற்பார்வைக்கு ஆள் உண்டா? கணக்குப் பிரிவில் ஒருவர் மற்ற வேலைகளுக்கு நடுவே பார்ப்பார் என்றால், அதற்கேற்ற வேலையைத்தான் எடுக்க வேண்டும்.

ஐந்தாவது கணக்கு சம்பந்தப்பட்டது. தொண்டு நிறுவனத்துக்குப் பணம் அனுப்பியதுமே அது செலவாகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். மத்திய கம்பெனி விவகார அமைச்சகத்தின் விளக்கம் வேறு: அந்த நிறுவனம் முழுத் தொகையையும் பயன்படுத்திய பிறகுதான் அது செலவு. பணம் சொன்ன வேலைக்கே போனது என்று தலைமை நிதி அலுவலர் சான்றளிக்க வேண்டும். தொண்டு நிறுவனத்தின் மூலதன நிதிக்கு (கார்பஸ்) கொடுப்பதும் 2021 ஜனவரி முதல் செல்லாது.

## அரசுப் பள்ளிக்குக் கட்டடம், கழிப்பறை

லாபம் நிலையில்லாத நிறுவனத்துக்கு இதுதான் பொருத்தம். ஒரே வருடத்தில் தொடங்கி முடிக்கலாம். முடிந்ததா இல்லையா என்பதை யாரும் நேரில் போய்ப் பார்த்துவிடலாம். ஆனால் மறைமுகச் செலவு அதிகமாக ஒளிந்திருப்பதும் இங்கேதான்.

முதலில் ஜி.எஸ்.டி. கான்ட்ராக்டர் 25 லட்சத்துக்கு எஸ்டிமேட் கொடுத்தால் 18 சதவீத வரியோடு அது 29.5 லட்சம். வழக்கமாக எடுக்கும் உள்ளீட்டு வரி வரவை (வாங்கும்போது கட்டிய ஜி.எஸ்.டி.யை நாம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்வது) இங்கே எடுக்க முடியாது. சி.எஸ்.ஆர். வேலைக்கு வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் அந்த வரவு 2023 அக்டோபர் முதல் அடைபட்டுவிட்டது. எஸ்டிமேட்டை வரி இல்லாமல் போர்டில் வைத்து ஒப்புதல் வாங்கிவிட்டு, பிறகு காம்பவுண்டு சுவரைக் கைவிடுகிற வேலைகள் ஏராளம்.

அடுத்தது அனுமதி. தலைமையாசிரியர் சம்மதித்தால் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. ஊராட்சி ஒன்றியத் தொடக்க, நடுநிலைப் பள்ளிகளின் கட்டடம் ஊராட்சி ஒன்றியத்தின் சொத்து. அங்கே வட்டார வளர்ச்சி அலுவலரைப் பார்க்க வேண்டும். மாநகராட்சிப் பள்ளி என்றால் மாநகராட்சி. உயர்நிலை, மேல்நிலைப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகப் போக வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் வேறு துறைகளின் கீழ் வருகின்றன. பழைய கட்டடத்தை இடிப்பதற்குத் தனி ஆணை வேண்டும். இந்தக் கடிதங்கள் நகர்வதற்கு மூன்று, நான்கு மாதம் ஒதுக்கினால்தான் மார்ச்சுக்குள் கான்கிரீட் போட முடியும்.

கழிப்பறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்ப்போம். பூட்டிக் கிடக்கும் பள்ளிக் கழிப்பறைகள் பலவற்றில் கட்டடம் நன்றாகவே இருக்கும். தண்ணீரோ, சுத்தம் செய்ய ஆளோ இருக்காது. 160 மாணவிகள் படிக்கும் பள்ளியை எடுத்துக்கொள்வோம். மத்திய அரசின் பள்ளித் தூய்மைத் திட்டமான ஸ்வச் வித்யாலயாவின் அளவுகோலின்படி 40 பேருக்கு ஒரு கழிப்பறை, ஆக நான்கு. பகல் நேரப் பள்ளிக்குத் தலைக்கு 45 லிட்டர் தண்ணீர் என்பது இந்தியத் தர நிர்ணயம். 160 பேருக்கு ஒரு நாளைக்கு 7,200 லிட்டர். அங்கே 1,000 லிட்டர் டேங்க் ஒன்றை மாட்டிவிட்டு வந்தால் காலை இடைவேளையோடு தண்ணீர் தீர்ந்துவிடும். மதியத்துக்குள் நாற்றம் வரும், அடுத்த வாரம் பூட்டு விழும். ஆகவே கழிப்பறைக்கு வரைபடம் போடும் முன்பே போர்வெல், மோட்டார், மின் இணைப்பு, டேங்க் அளவு, செப்டிக் டேங்க் வண்டி உள்ளே வரப் பாதை ஆகியவற்றை முடிவு செய்யுங்கள்.

சின்ன விஷயங்களும் உண்டு. பிளைவுட் கதவு அடிப்பக்கம் ஊறி உரிந்துவிடும், ஃபைபர் கதவு போடுங்கள். தாழ்ப்பாளைக் கனமானதாக வாங்குங்கள். தாழ்ப்பாள் உடைந்த கழிப்பறைக்குள் எந்தப் பெண் பிள்ளையும் போகாது. சுவருக்குள் பதித்த பைப் அழகாக இருக்கும், ஆனால் கசிந்தால் டைல்ஸை உடைக்க வேண்டும். வெளியே ஓடும் பைப்பை உள்ளூர் பிளம்பர் அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடுவார். அழுத்தினால் மட்டும் தண்ணீர் வரும் குழாய் போட்டால் டேங்க் காலியாகாது. மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கான சாய்தளம் 1:12 சரிவில் இருக்க வேண்டும். ஒரு அடி உயரத்துக்கு 12 அடி நீளம். இடமில்லை என்று செங்குத்தாகக் கட்டிவைக்கும் சாய்தளத்தில் சக்கர நாற்காலி ஏறாது.

பராமரிப்புக்கு மாதம் சுத்தம் செய்பவருக்கு 5,000, பினாயில், பிரஷ் வகையறாவுக்கு 1,000, பழுதுக்கு 1,000 என்று வைத்தால் வருடத்துக்கு 84,000 ரூபாய், மூன்று வருடத்துக்கு 2.52 லட்சம். இந்தத் தொகையை முதல் நாளிலேயே ஒதுக்கி, தொடர் திட்டமாக (ஒரு நிதியாண்டைத் தாண்டி நடக்கும் திட்டமாக) போர்டு தீர்மானத்தில் எழுதிவிட வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெரும்பாலோர் பெற்றோர்கள். சுத்தம் நடக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பை அவர்களிடம் கொடுப்பதே நல்லது.

ஸ்மார்ட் வகுப்பறை பற்றி ஒரே வார்த்தை: கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறையும் அதற்கு மேலுள்ள பள்ளிகளில் உயர்தொழில்நுட்ப ஆய்வகமும் அரசே அமைத்துவருகிறது. அதே பள்ளிக்கு இரண்டாவது திரை எதற்கு?

பெயர்ப் பலகை வைக்கலாம், தவறில்லை. ஆனால் பொருளையோ சேவையையோ விளம்பரப்படுத்தும் ஆதரவு சி.எஸ்.ஆர். ஆகாது. கோயில் டியூப் லைட்டில் வெளிச்சம் மறையும் அளவுக்கு உபயதாரர் பெயர் எழுதுவதைப் போல, வகுப்பறைச் சுவர் முழுக்க லோகோ அடிக்க வேண்டாம்.

## கல்லூரிக் கல்வி உதவித்தொகை

போர்டு உறுப்பினர்களின் மனசுக்குப் பிடித்தது இது. கணக்குப் போடத் தெரியாவிட்டால் பிள்ளைகளை நடுவழியில் விடுவதும் இதுதான்.

ஒரு மாணவருக்கு வருடத்துக்கு 60,000 ரூபாய் என்று வைப்போம். 30 லட்சத்தில் 50 பேர் என்று அறிவித்துவிடுவது எளிது. அடுத்த வருடம் அதே 50 பேருக்கு இன்னொரு 30 லட்சம் வேண்டும், புதிதாக ஒருவரையும் சேர்க்க முடியாது. லாபம் குறைந்துவிட்டால் இரண்டாம் ஆண்டு மாணவரிடம் கைவிரிக்க வேண்டிவரும். அப்படிப் பாதியில் நிற்கும் பிள்ளை, உதவித்தொகையே கிடைக்காத பிள்ளையைவிட மோசமான நிலையில் இருக்கும். கல்லூரிக்கு ஏற்கெனவே கடன் வாங்கிக் கட்டியிருப்பார்கள்.

சரியான வழி, இந்த வருடப் பணத்தை இந்த வருடம் சேரும் மாணவர்களுக்கே நான்கு வருடத்துக்கும் ஒதுக்கிவிடுவது. 12 பேர் × 60,000 × 4 வருடம் = 28.8 லட்சம். சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. தொடர் திட்டம் என்று போர்டு அங்கீகரித்தால், தொடங்கிய நிதியாண்டைத் தவிர்த்து இன்னும் மூன்று நிதியாண்டுகள் நடத்தலாம். மீதித் தொகையை நிதியாண்டு முடிந்து 30 நாளுக்குள், அதாவது ஏப்ரல் 30-க்குள், 'செலவழிக்கப்படாத சி.எஸ்.ஆர். கணக்கு' என்று வங்கியில் தனிக் கணக்கு தொடங்கி மாற்ற வேண்டும். ஜூலையில் சேரும் மாணவரின் நான்கு வருடப் படிப்புக்கான கட்டணம் நான்கு நிதியாண்டுகளுக்குள் அடங்கும். கடைசி செமஸ்டர் கட்டணத்தை மட்டும் மார்ச் 31-க்கு முன் கட்டிவிட வேண்டும், ஏப்ரலுக்குத் தள்ளினால் கணக்கு இடிக்கும். 50 பேர் 12 பேராகக் குறைவதைப் போர்டில் விளக்குவது சங்கடம்தான். ஆனாலும் அதுதான் நேர்மையான எண்ணிக்கை.

அரசு கொடுப்பதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் இங்கே முக்கியம். அரசுப் பள்ளியில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் தொழிற்கல்வி சேரும் மாணவருக்குக் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகை உண்டு. புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. பள்ளி அளவில் தேசிய வருவாய்வழி உதவித்தொகைத் தேர்வை எட்டாம் வகுப்பில் எழுதித் தேர்வானால், ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000. இவை கிடைக்கிற பிள்ளைக்கே நீங்களும் கல்விக் கட்டணம் கட்டினால், உங்கள் பணம் அரசின் செலவைத்தான் மிச்சம் பிடிக்கும். இடைவெளி இருப்பது வேறு இடத்தில். கலை அறிவியல் கல்லூரி, பாலிடெக்னிக், நர்சிங் டிப்ளமோ மாணவர்கள், மெஸ் கட்டணம், ஊருக்குப் போய்வரும் செலவு, அட்மிஷன் வாரத்தில் கையில் தேவைப்படும் முதல் பத்தாயிரம்.

அந்த அட்மிஷன் வாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடிவு மே மாதம் வருகிறது. கலைக் கல்லூரிகள் ஜூனில் நிரம்பிவிடும். இன்ஜினியரிங் கலந்தாய்வில் இடம் கிடைத்தால் சில நாளுக்குள் பணம் கட்ட வேண்டும். விண்ணப்பத்தை ஜூலையில் வாங்கி, செப்டம்பரில் தேர்வுக் குழு கூடி, நவம்பரில் காசோலை கொடுக்கும் நிறுவனங்கள் உண்டு. நிஜமாகவே பணமில்லாத பிள்ளை அதற்குள் மில் வேலைக்குப் போயிருக்கும். காசோலை வாங்க மேடைக்கு வருவது, எப்படியோ கட்டணம் கட்டிச் சேர்ந்துவிட்ட பிள்ளைதான். தேர்வை ஏப்ரலிலேயே பள்ளித் தலைமையாசிரியர் பரிந்துரையோடும் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்தும் முடித்துவிடுங்கள். கட்டணம் நேராகக் கல்லூரிக் கணக்குக்கும் கைச்செலவு மாணவரின் சொந்தக் கணக்குக்கும் போகட்டும். பத்துப் பதினைந்து மாணவருக்கு ஒருவர் என்று அக்கறையாக விசாரிக்க ஆள் வேண்டும். அரியர் விழுவதும் கல்லூரியை விட்டு நிற்பதும் முதல் செமஸ்டரிலேயே தெரிந்துவிடும், கேட்க ஆள் இருந்தால்.

நிறுவன ஊழியர்களின் பிள்ளைகளுக்கு மட்டும் என்று கொடுத்தால் அது சி.எஸ்.ஆர். கணக்கில் சேராது.

## மாலை நேரக் கற்றல் மையம்

நான்காம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பத்தியை வாசிக்கத் திணறுகிறதென்றால், அதற்குக் கட்டடமும் உதவாது, உதவித்தொகையும் உதவாது. அதன் பக்கத்தில் தினமும் உட்கார ஒரு ஆள் வேண்டும். கொடையாளர்கள் பணம் கொடுக்கத் தயங்குவது இந்த ஆள் சம்பளத்துக்குத்தான்.

தயக்கத்துக்கு ஒரு காரணம் சட்டத்தைத் தவறாகப் படிப்பது. நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி, நிறுவனம் தன் பக்கத்தில் சி.எஸ்.ஆர். பிரிவை நடத்தும் செலவுக்கானது. மையத்தில் பாடம் சொல்லிக்கொடுப்பவரின் ஊதியம் திட்டச் செலவு. இதைக் குழப்பிக்கொண்டு, "சம்பளத்துக்குத் தர மாட்டோம், புத்தகம் வாங்கித் தருகிறோம்" என்றால் திறக்கப்படாத புத்தகக் கட்டுகள்தான் மிஞ்சும்.

பத்து மையம், மையத்துக்கு 25 பிள்ளைகள், வாரம் ஐந்து நாள், தினம் இரண்டு மணி நேரம் என்றால் ஒரு வருடக் கணக்கு இப்படி வரும்:

- பயிற்றுநர் 10 பேர், மாதம் 6,000: 7.20 லட்சம்
- ஒருங்கிணைப்பாளர் ஒருவர், மாதம் 25,000: 3 லட்சம்
- அவருடைய பெட்ரோல், மாதம் 3,000: 36,000
- பயிற்சி முகாம்கள்: 1 லட்சம்
- பாடப் பொருள், பிள்ளைக்கு 500: 1.25 லட்சம்
- பாய், கரும்பலகை, விளக்கு, மையத்துக்கு 10,000: 1 லட்சம்
- தொடக்க, இறுதி மதிப்பீடு: 40,000
- கணக்கு, தணிக்கை: 1 லட்சம்

மொத்தம் 15.21 லட்சம், பிள்ளைக்கு ஏறக்குறைய 6,100 ரூபாய். இரண்டாம் வருடம் பாய், கரும்பலகைச் செலவு இல்லை, 14.21 லட்சம் போதும். ஆக, 30 லட்சத்தில் பத்து மையத்தை இரண்டு வருடம் முழுதாக நடத்தலாம். இருபது மையத்தை ஒரு வருடம் நடத்துவதைவிட இது நல்லது. முதல் நான்கு மாதம் பிள்ளைகளை வரவழைப்பதிலும் பயிற்றுநர் பழகுவதிலுமே போய்விடும்.

எங்கே சறுக்கும்? பயிற்றுநர்கள் பெரும்பாலும் உள்ளூரில் பட்டம் படித்த இளம்பெண்கள். கல்யாணம், பி.எட்., டி.என்.பி.எஸ்.சி. என்று வருடத்தில் சிலர் கிளம்பிவிடுவார்கள். பத்து மையத்துக்குப் பன்னிரண்டு பேருக்குப் பயிற்சி கொடுத்து வையுங்கள். இரண்டாவது சறுக்கல், மையம் வீட்டுப்பாடம் எழுதும் இடமாக மாறிவிடுவது. நோட்டு நிறைந்திருக்கும், வாசிப்பு அப்படியே இருக்கும். அதனால் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக வாசிக்கச் சொல்லி எழுத்து, சொல், பத்தி, கதை என்ற நிலைகளில் குறித்துக்கொள்ள வேண்டும். கணக்கில் கடன் வாங்கிக் கழித்தல், வகுத்தல். ஆறு மாதம் கழித்து அதே சோதனையை மையத்தின் பயிற்றுநர் அல்லாத ஒருவர் எடுக்க வேண்டும். வருகைப் பதிவேட்டை மட்டும் பார்த்துத் திருப்திப்படும் நிறுவனத்துக்கு வருகைப் பதிவேடுதான் கிடைக்கும்.

திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கம் செங்கல் சூளைகளில் ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்களின் பிள்ளைகள் இருக்கிறார்கள். அங்கே ஒடியா தெரிந்த பயிற்றுநர் கிடைத்தால் மட்டும் தொடங்குங்கள். சூளை வேலை முடிந்து குடும்பம் ஊருக்குத் திரும்பும்போது பள்ளி மாற்றுச் சான்றிதழோடு அனுப்பும் வேலையும் திட்டத்துக்குள் வர வேண்டும்.

இந்த வழிக்குத் தொண்டு நிறுவனம் வேண்டும். சி.எஸ்.ஆர். பணம் வாங்குவதற்கான சி.எஸ்.ஆர்.-1 பதிவு எண், வருமான வரிச் சலுகைக்கான 12ஏ, 80ஜி பதிவு, மூன்று வருடச் செயல்பாடு, தணிக்கை செய்த கணக்கு, இவை குறைந்தபட்சம். அதோடு குழந்தைப் பாதுகாப்புக் கொள்கை எழுத்தில் இருக்கிறதா, பயிற்றுநர்களுக்குக் காவல்துறைச் சரிபார்ப்பு நடந்ததா என்றும் கேளுங்கள். முன்னறிவிப்பில்லாமல் ஒரு மையத்துக்கு மாலை ஆறு மணிக்குப் போய் நின்றால், கோப்பில் இல்லாதது எல்லாம் தெரியும்.

## அரசின் நிதிக்கு நேராகக் கொடுப்பது

தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாக, பள்ளியைத் தேர்ந்தெடுத்து அதன் தேவைக்குப் பணம் கொடுக்கலாம். தொண்டு நிறுவனத்தைத் தேடிச் சோதிக்கும் வேலையும் துறை துறையாக அனுமதிக்கு அலையும் வேலையும் குறையும். மேற்பார்வைக்கு ஆளே இல்லாத நிறுவனத்துக்கு இது ஏற்றது. விலை என்னவென்றால் வேகம் உங்கள் கையில் இல்லை. மார்ச்சுக்குள் பயன்பாட்டுச் சான்று வேண்டும் என்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு வாங்குங்கள்.

## பை, நோட்டு, டேப்லெட்

அரசுப் பள்ளியில் ஏற்கெனவே கிடைப்பதை மறுபடி கொடுப்பதுதான் பெரும்பாலும் நடக்கிறது. வெள்ளத்தில் வீடு இழந்த பகுதி, ஆதரவற்றோர் இல்லங்களில் பாய், போர்வை போன்ற தேவைகள் விதிவிலக்கு. டேப்லெட்டுக்கு டேட்டா, பழுது, பாடம் மூன்றுக்கும் பணம் ஒதுக்காவிட்டால் வாங்க வேண்டாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| | கட்டடம், கழிப்பறை | உதவித்தொகை | மாலை மையம் | அரசின் நிதி |
|---|---|---|---|---|
| பணம் வர வேண்டிய காலம் | ஒரு வருடம் + பராமரிப்பு | முதல் வருடமே நான்கு வருடத்துக்கும் ஒதுக்க வேண்டும் | குறைந்தது இரண்டு வருடம் | ஒரு வருடம் |
| 30 லட்சத்தில் | ஒரு பள்ளி | 12 மாணவர் | 250 பிள்ளைகள், இரண்டு வருடம் | தேர்ந்தெடுக்கும் தேவையைப் பொறுத்தது |
| மறைந்திருக்கும் செலவு | ஜி.எஸ்.டி., தண்ணீர், சுத்தம் | கட்டண உயர்வு, மெஸ், வழிகாட்ட ஆள் | பயிற்றுநர் மாறுவது, மதிப்பீடு | காத்திருப்பு |
| உங்கள் பக்க உழைப்பு | அனுமதிக் காலத்தில் அதிகம் | ஏப்ரல் முதல் ஜூலை வரை அதிகம் | வருடம் முழுக்க | குறைவு |
| எப்போது வேண்டாம் | தண்ணீர் உறுதியாகாதபோது | மாணவர் தேர்வு ஜூலைக்குத் தள்ளிப்போனால் | நம்பகமான தொண்டு நிறுவனம் இல்லாதபோது | மார்ச் நெருக்கடியில் |

மூன்று வருடமாவது லாபம் நிலையாக இருக்கும், ஆலையைச் சுற்றி பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குள் ஊர்கள் இருக்கின்றன என்றால் மாலை மையத்தைத்தான் எடுக்கச் சொல்வோம். நிறுவனம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தரச் சட்டமும் சொல்கிறது, போய்ப் பார்ப்பதும் எளிது. லாபம் ஆடும் என்றால் ஒரு பள்ளியின் கழிப்பறையை தண்ணீர், மூன்று வருடப் பராமரிப்போடு சேர்த்துச் செய்யுங்கள். உதவித்தொகை, ஏப்ரலில் வேலை தொடங்க ஆள் இருக்கும் நிறுவனத்துக்கு மட்டும்.

## ஏற்கெனவே பிப்ரவரி ஆகிவிட்டதென்றால்

12 லட்சம் கையில் இருக்கிறது, ஆறு வாரம்தான் பாக்கி. இந்த நேரத்தில்தான் டேப்லெட் விற்பவர்கள் கதவைத் தட்டுவார்கள். ஏற்கெனவே தொடர் திட்டம் ஓடுகிறதென்றால் அதன் மீதியை ஏப்ரல் 30-க்குள் தனிக் கணக்குக்கு மாற்றிவிட்டு நிதானமாகச் செலவழிக்கலாம். புதுத் திட்டத்தைத் தொடர் திட்டமாகக் காட்டுவதென்றால் மார்ச் 31-க்குள் வேலை நிஜமாகவே தொடங்கியிருக்க வேண்டும், போர்டு தீர்மானம் மட்டும் போதாது. இரண்டும் இல்லையென்றால், சட்டத்தின் ஏழாம் அட்டவணையில் உள்ள பிரதமர் தேசிய நிவாரண நிதி போன்ற ஒன்றுக்கு செப்டம்பர் 30-க்குள் மாற்றி, செலவழிக்காத காரணத்தைப் போர்டு அறிக்கையில் எழுதிவிடலாம். அதில் அவமானம் ஒன்றுமில்லை. மாற்றவும் தவறினால்தான் அபராதம்: மாற்ற வேண்டிய தொகையைப் போல இரண்டு மடங்கு அல்லது ஒரு கோடி, இரண்டில் குறைந்தது. பொறுப்பான அதிகாரிகளுக்குத் தனி அபராதம் உண்டு.

மாறாக, நல்ல திட்டம் ஓடிக்கொண்டிருந்து இந்த வருடம் 30-க்குப் பதில் 34 லட்சம் ஆகிவிட்டால், அந்தக் கூடுதல் 4 லட்சத்தைப் போர்டு தீர்மானத்தோடு அடுத்த மூன்று நிதியாண்டுகளின் கடமையில் கழித்துக்கொள்ளலாம்.